எட்டாம் கிழமை

நான் வடிவமைத்த முதல் சிப்பில் ஒரே ஒரு தப்புதான் இருந்தது. அதை என் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் வினை.

மற்றத் தொழிலில் தப்புச் செய்தவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. டெய்லர் பிரித்துத் தைத்துவிடுவார். புரோகிராம் எழுதுகிறவன் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, "எப்பவுமே இப்படித்தானே இருந்துச்சு?" என்று நம்மையே கேட்பான். சிப் அப்படியில்லை. படம் போட்டு, டேப்பில் ஏற்றி, கடல் தாண்டி இருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பி, மாசக்கணக்கில் காத்திருந்தால் நகத்தளவு சிலிக்கான் துண்டாகத் திரும்பி வரும். உள்ளே நாம் வைத்த தப்பும் கூடவே வரும். அதை அழிக்க ரப்பரும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ராஜபாளையத்துப் பையன் நான், பெங்களூரில் சிப் வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த அப்பா, "எம் மகன் கம்ப்யூட்டருக்கு மூளை செய்யுதான்" என்று பஞ்சு மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த மூளைக்கு அப்போது என் பங்களிப்பு, மற்றவர்கள் போட்ட படத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடுகிறதா என்று கண் வலிக்கப் பார்ப்பது மட்டும்தான். (அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் நம்பவா போகிறார்?)

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு சின்ன சிப்பை முழுசாக, சொந்தமாகச் செய்யலாம். என்ன சிப் என்பது அவரவர் இஷ்டம். ஒருவன் டிராஃபிக் சிக்னலுக்குச் செய்தான். ஒருத்தி லிஃப்டுக்குச் செய்தாள். எனக்கு மட்டும் உலகத்தில் யாருக்கும் தோன்றாதது தோன்றியது. ராகு காலம் காட்டும் சிப்!

யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமைக்கு ஏழரை, சனிக்கு ஒன்பது, ஞாயிறுக்கு நாலரை என்று ராகு காலம் கிழமைக்கு ஒரு நேரத்தில் வரும். ஒவ்வொரு தடவையும் காலண்டர் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலையை ஒரு சிப் எடுத்துக்கொண்டு, ராகு காலத்தில் சிவப்பு விளக்கும் மற்ற நேரத்தில் பச்சை விளக்கும் போட்டால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒன்று விற்காதா? விற்ற காசில் மனசுக்குள் காரெல்லாம் வாங்கிவிட்டேன்.

படம் போடுவது எங்கள் வேலையில் கால்வாசிதான். போட்டது சரியா என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. தொழிற்சாலைக்கு அனுப்புமுன் அந்தச் சிப் எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வரும் என்று நினைக்கிறதை மட்டுமல்ல, வரவே வராது என்று நினைக்கிறதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மெஷினோ, சிப்பின் ஒரு நாளை ஓட்டிக் காட்ட அரை நாள் எடுத்துக்கொள்ளும். அதற்கும் வரிசை. நான் ஞாயிறு ஓட்டினேன், சரியாக இருந்தது. திங்கள் சரி, செவ்வாய் சரி. அப்படியே சனிக்கிழமைவரைக்கும் வந்து, எல்லாக் கிழமையும் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே டேப் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். எனக்கும் ஊருக்கு பஸ் இருந்தது.

எனக்கு மேலே ஷைலஜா என்று ஒரு பாலக்காட்டுக்காரர். கையெழுத்துப் போடுமுன் பேனாவைப் பிடித்தபடியே கேட்டார்.

"சனிக்கு அப்புறம் என்ன வருது?"

"ஞாயிறு, மேடம்."

"அதைப் பார்த்தியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கு அப்புறம் ஞாயிறு வருவது பச்சைப்பிள்ளைக்கும் தெரியுமே, இதை ஓட்டிவேறு பார்க்கணுமா? "பார்த்தாச்சு மேடம்" என்றேன். (பொய்யில்லை. பிறந்ததிலிருந்து வாராவாரம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.) அவர் கையெழுத்துப் போட்டார். நான் பஸ் ஏறினேன்.

சிப் திரும்பி வந்ததும் அழகான ஒரு கடிகாரம் செய்தேன். தேக்குப் பெட்டி. நடுவில் மணி காட்டும் எண்கள், கீழே கிழமைக்கு ஒன்றாக ஏழு குட்டி மஞ்சள் விளக்குகள், மேலே ராகு காலத்துக்கு ஒரு பெரிய விளக்கு. பின்பக்கம் கிழமையை நகர்த்த ஒரு பட்டன். கரண்ட் போனாலும் ஓட உள்ளே பேட்டரி. ஆபீசில் இரண்டு நாள் மேஜைமேல் ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஊருக்கு எடுத்துப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடிவின் ஜாதகம் வந்தது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று விசில் ஊதி எழுதிவைக்கிற உத்தியோகம். நேரத்தில் அவர் ரொம்பக் கறார். ராகு காலத்திலும் கவர்மெண்ட் பஸ்ஸை நேரத்துக்குக் கிளப்பிவிடுவார். ஆனால் தன்னுடைய குடையைக்கூட ராகு காலத்தில் வீட்டுக்கு வெளியே எடுக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பூவும் பழமும் யார்தான் கொண்டுபோகவில்லை என்று சொல்லி அப்பா அந்தக் கடிகாரத்தையும் தூக்கி வரச் சொன்னார். அவருக்குப் பெருமை பீற்றிக்கொள்ள வேண்டும். எனக்கும்தான், ஏன் மறைக்கணும்? கூடத்துச் சுவரில் மாட்டி, கிழமையை ஞாயிறில் வைத்து, மணியைச் சரிசெய்து ஓடவிட்டேன். சொல்லி வைத்த மாதிரி நாலரை மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. டைம் கீப்பர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண்ணுக்கு என்னைப் பிடித்ததா என்று தெரியுமுன்னே மாமனாருக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு வடிவைப் பிடித்துவிட்டது. காப்பி கொடுக்கும்போது, "இதுக்கு ராகு காலம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் விளக்க ஆரம்பித்து, காப்பி ஆறி ஆடை கட்டும்வரை விளக்கினேன். கடைசிவரைக்கும் கொட்டாவி விடாமல் கேட்டாள். இந்த மாதிரி ஒரு பெண் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆறு மணிக்குப் பச்சை எரிந்த பிறகு, அடுத்த ஞாயிறே நிச்சயதார்த்தம், பத்தரை முதல் பதினொன்றரைக்குள் தட்டு மாற்றுவது என்று பேசி முடித்தார்கள்.

நடுவில் இருந்த அந்த வாரம் மாமனார் வீட்டில் திருவிழாதான். தெருவே வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு என்று தினமும் காலண்டரோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நிமிஷம் பிசகவில்லை. சனிக்கிழமை ராகு காலமும் சரியாக முடிந்ததும், இனி இது எதற்கு என்று காலண்டரைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை வேனில் கிளம்பினோம். வழியெல்லாம் அப்பா, "ஏலே, அவுக வீட்டுல இனி நம்ம சிப்பு சொன்னாத்தான் உலை கொதிக்கும்" என்று சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டே வந்தார். பத்து மணிக்குப் போய் இறங்கினால், வாசலில் மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ள, ஒம்பது மணிக்குச் சிவப்பு எரிய ஆரம்பிச்சது. இன்னும் அணையல."

உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தப் பெரிய விளக்கு நெற்றிக்கண் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "மாமா, ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைக்குத்தான். மெஷின்லதான் ஏதோ தப்பு. நான்தான் தப்பாச் செஞ்சிருக்கேன்" என்றேன். அப்பாவோ எனக்கு முந்திக்கொண்டு, "பாத்தியளா சம்பந்தி, நம்ம குறிச்ச நேரத்துலதான் கோளாறு. மெஷின் காப்பாத்திருச்சு" என்று பூரித்துப் போனார்.

மாமனார் என் தோளில் கை வைத்தார்.

"பெருந்தன்மையாப் பேசுதீய மாப்ள. காலண்டர்ல போட்டிருக்கது ஊருக்கெல்லாம் பொதுக் கணக்கு. இது கம்ப்யூட்டர் கணக்கு. ஏழு நாளா நானே ஒத்துப் பாத்திருக்கேன். தப்பு வராது."

என்ன கொடுமை பாருங்கள். நான் செய்த மெஷின் தப்பு என்று நானே சொல்கிறேன், கூடத்தில் ஒருத்தர்கூட நம்பவில்லை. அவ்வளவு பெரிய இஞ்சினியராம் நான்! ஒரு பெரியவர் மட்டும், சுவிட்சை அணைத்துவிட்டுத் தட்டை மாற்றினால் என்ன என்று கேட்டார். "சுவிட்ச அணைச்சா ராகு போயிருமா?" என்று யாரோ திருப்பிக் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உள்ளதைச் சொன்னால், அணைத்தாலும் அணையாது. பேட்டரி வைத்திருந்தேனே, கெட்டிக்காரன்.

ஜமக்காளத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். போன ஞாயிறு மாட்டினோம். திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணினேன். சனிக்கு அப்புறம் அடுத்த விரலை மடக்கும்போது ஷைலஜாவின் குரல் காதில் கேட்டது. அடப்பாவி!

விஷயம் இதுதான். கிழமையை எண்ணச் சிப்புக்குள் மூன்று சுவிட்சுகள் வைத்திருந்தேன். மூன்று சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு விதம் வரும். கிழமையோ ஏழுதான். ஆகவே, ஏழு முடிந்ததும் முதலுக்குத் திரும்பு என்று தனியாக ஒரு கம்பி இழுத்துச் சொல்ல வேண்டும். அதை நான் இழுக்கவே இல்லை. அது போதாதென்று, எட்டாவது விதத்துக்கு என்ன செய்வது என்று டிசைன் சாஃப்ட்வேர் மரியாதையாகக் கேட்டபோது, "அது வராது, உன் இஷ்டம்" என்று பதில் கொடுத்திருந்தேன். அதன் இஷ்டம் என்ன தெரியுமா? சனி, வெள்ளி, புதன் ஆகிய மூன்று கிழமைகளின் ராகு காலத்தையும் ஒட்டுக்காகச் சேர்த்து எட்டாவது நாளில் போட்டுவிட்டது. ஒன்பது மணிக்கு எரிந்தது ஒன்றரைக்குத்தான் அணையும்.

நானே பட்டனை அமுக்கி மாற்றினால் ராகுவை ஏமாற்றுகிறேன் என்பார்கள். ஒன்றரைவரை காத்திருக்கலாம்தான். ஆனால் வடிவின் தாய்மாமன் முத்தையா காத்திருக்கமாட்டார். சொந்த லாரி ஓட்டுகிறவர். தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். மதியம் சிவகாசியில் லோடு ஏற்றவேண்டும். எங்கள் பக்கம் பெண்ணின் தாய்மாமன் கை படாமல் தட்டு மாறாது. மணி பதினொன்றும் ஆனது. ராகு காலம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளாதே என்றதற்கும், "இன்னைக்கு ராகு கூடுதலா நிக்காரு" என்று மாமனார் சமாதானம் வைத்திருந்தார். பந்திக்கு வைத்த சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏழு நாளா ஒழுங்கா ஓடுன மெஷின் இன்னைக்கு, இந்த நேரத்துல மட்டும் தப்பாப் போவுதாம். செஞ்சவரே சொல்லுதாரு. பெங்களூர்ல வேற எங்கயும் மனசு இருந்தா நேராச் சொல்லிட்டுப் போவட்டும். லைட்டு போட்டா சொல்லணும்?"

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. இது வெறும் கடிகாரத் தகராறு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாசப்படி தாண்டினால் சம்பந்தம் அத்தோடு போச்சு. அதைவிட, உள்ளறையில் இருக்கிற வடிவு இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, நம்பிவிடுவாளோ? எழுந்து, "அப்படியெல்லாம் இல்ல மாமா" என்றேன். வேறு எங்கோ மனசை வைத்திருக்கிற திருடனும் அதைத்தானே சொல்லுவான்?

நிச்சயதார்த்தத்தில் கூப்பிடாமல் பெண் கூடத்துக்கு வரக்கூடாது. வடிவு வந்துவிட்டாள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நேரே கடிகாரத்துக்கு அடியில் வந்து நின்றாள்.

"மாமா, அந்தச் சின்ன லைட்டப் பாருங்க. தினமும் அந்தந்தக் கிழமைக்கு ஒண்ணு எரியும். இன்னைக்கு எதுவுமே எரியல. காலையில இருந்து பாக்கேன்."

எல்லாரும் பார்த்தார்கள். ஏழு மஞ்சள் விளக்கும் அணைந்திருந்தன. சிவப்பையே பார்த்துப் பயந்துகொண்டிருந்ததில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் செய்தேன், நானும் கவனிக்கவில்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தைக் கழற்றி முத்தையா மாமா மடியிலேயே வைத்தேன். பின்பக்கப் பட்டனை அவரையே அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். ஞாயிறு விளக்கு எரிந்தது, சிவப்பு பச்சையானது. "இப்ப அமுக்குனதும் மாறிட்டுதே, இதுல என்ன இருக்கு?" என்று என்னை முறைத்தார். மேலே அமுக்குங்கள் என்றேன். திங்கள், பச்சை. செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் பச்சை. வெள்ளியில் சிவப்பு வந்தது. அந்த நேரத்துக்கு வெள்ளிக்கிழமை ராகு காலம்தான் என்று மாமனார் சாட்சி சொன்னார். சனி, பச்சை.

"இப்ப ஞாயிறு வரணும்லா மாமா? அமுக்குங்க."

அமுக்கினார். ஏழு விளக்கும் அணைந்து, பெரிய விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்னொரு தடவை சுற்றி வந்தார். மறுபடியும் அதேதான். லாரி ஓட்டுகிற அந்தக் கட்டை விரல் பட்டன் மேலேயே நின்றது.

"அப்ப இது என்ன கிழமை?"

"எட்டாம் கிழமை மாமா. அப்படி ஒண்ணு கிடையாது. நான் சனியோட நிறுத்திட்டேன். ஞாயிறு தானா வந்துரும்னு நெனச்சு, பாக்காம விட்டுட்டேன். வேற எங்கயும் மனசு இல்ல."

கடைசி வாக்கியத்தை வடிவைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கூடம் நிறைய ஆட்கள் இருப்பது ஞாபகம் வந்தது. முத்தையா மாமா பட்டனை இன்னொரு அமுக்கு அமுக்கி ஞாயிறுக்குக் கொண்டுவந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏழு நாள் லாரி ஓட்டவே எனக்கு இடுப்பு ஒடியுது. மாப்ள எட்டு நாள் வாரம் போட்டுக் குடுத்திருக்காரு."

சிரிப்பு அவரிடமிருந்து சமையல்கட்டுவரை போனது. பச்சை விளக்கு எரிய, பதினொன்றரைக்குள் அவர் கையாலேயே தட்டு மாறியது. பாயசத்தை நின்றுகொண்டே குடித்துவிட்டு லாரிக்கு ஓடினார். வேனில் திரும்பி வரும்போது அப்பா கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ராஜபாளையத்தில் வீட்டு வாசலில் இறங்கும்போது, "மூளை செய்யுதது எம்புட்டுக் கஷ்டம்னு இப்பத்தாம்லே தெரியுது" என்றார். அவர் என் உத்தியோகத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆபீசில் ஷைலஜா திட்டவில்லை. எனக்குக் கல்யாணப் பரிசாக இடமாற்றம் கொடுத்தார். மற்றவர்கள் செய்கிற சிப்பில் தப்புக் கண்டுபிடிக்கிற பிரிவுக்கு. இந்த உலகத்தில் எது வராது என்று யார் சொன்னாலும் நம்பாதவன் என்ற ஒரே தகுதியில் அங்கேயே காலம் தள்ளி, நன்றாகவே சம்பாதித்து, ரிட்டயரும் ஆகிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கடிகாரத்தில் ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்துத் தப்பைச் சரிசெய்யப் போனேன். மாமனார் தொடவிடவில்லை. வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலை எழுந்ததும் ஸ்டூலில் ஏறி, பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் கடிகாரம் அந்த வாரம் முழுக்கச் சரியாக ஓடும். அதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். (எங்கள் தொழிலில் பெரிய பெரிய கம்பெனிகளும் கடைசியில் இதைத்தான் செய்கின்றன. வாங்கினவரையே பட்டனை அமுக்கச் சொல்லிவிடுவார்கள்.) "ரிட்டயர் ஆன பொறவு எனக்குன்னு இருக்கது இந்த ஒரு டூட்டிதான். அதையும் புடுங்கிறாதிய மாப்ள" என்றார். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்காத காரியத்துக்கெல்லாம் நாள் எட்டாம் கிழமைதான். பரணைச் சுத்தம் செய்வது எட்டாம் கிழமை. நான் காலையில் நடக்கப் போவது எட்டாம் கிழமை. போன தீபாவளிக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது என் மகள் இந்தக் கதையைக் கிளறிவிட்டு, அன்றைக்கு ஏன் கூப்பிடாமலே கூடத்துக்கு வந்தாய் என்று வடிவைக் கேட்டாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு ஆம்பளை சபையில சொன்னதை அன்னைக்குத்தான் மொத மொதக் கேட்டேன். விட்டுட முடியுமா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

"அதுக்கப்புறம் எப்பம்மா சொன்னாரு?" என்றாள் மகள்.

வடிவு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்தது எட்டாம் கிழமைதான்."